இருபத்தோராவது நிமிடம்

உங்களில் ஒருவர் போன வாரம் என் கைபேசிக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பெயர் சொல்லப் போவதில்லை, மற்றவர்கள் கேலி செய்வீர்கள். "சார், ஷட்டர் விவரக் கோப்பில், சங்கு ஊதிய பின் காத்திருக்கும் நிமிடத்தின் மேல் எல்லை இருபத்தொன்று என்று இருக்கிறது. மற்ற எல்லைகள் எல்லாம் ஐந்து, பத்து என்று ஒழுங்காக இருக்கின்றன. இது தட்டச்சுப் பிழை என்றால் இருபது ஆக்கிவிடட்டுமா?"

கை வைக்கும் முன் கேட்டாரே, அதற்கே அவருக்கு ஒரு காப்பி வாங்கித் தரலாம். பதிலை இரண்டு வரியில் அனுப்பியிருக்கவும் செய்யலாம். ஆனால் ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டால் இரண்டு வரியோடு தப்ப முடியாது என்பதை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அதுவும் சாப்பாட்டுக்குப் பிந்திய மத்தியானம். பாளையங்கோட்டை வெயிலில் எதிர்வீட்டு வேம்பு அசையாமல் நிற்கிறது. பழைய விஷயங்கள் இந்த நேரத்தில்தான், பாதித் தூக்கத்தில், எனக்கு ஒழுங்காக வரும்.

நம் ஆபீஸ் அப்போது ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. கீழே யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினால் அந்தச் சத்தம் மேலே வந்து எங்கள் மேசைகளில் உட்கார்ந்துகொள்ளும். தாமிரபரணியின் அணைகளில் சக்கரத்தைக் கையால் சுற்றித் திறந்துகொண்டிருந்த ஷட்டர்களுக்கு மோட்டார் வைத்து, கம்ப்யூட்டரில் இருந்து திறக்கச் செய்யும் வேலை எங்களுக்கு வந்திருந்தது. ஒவ்வோர் அணைக்கும் ஒவ்வொரு குணம். ஒரு தடவைக்கு ஷட்டரை எவ்வளவு தூக்கலாம், எந்த மட்டத்தில் நிறுத்த வேண்டும், தண்ணீர் வருகிறது என்று எச்சரிக்கும் சங்கு ஊதியபின் எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று அமைப்புகள் ஏராளம்.

அவற்றுக்கான நிரலை நாங்கள் கையால் எழுதுவதில்லை, இன்று நீங்கள் எழுதாதது போலவே. எக்ஸ்எம்எல் கோப்பில் விவரத்தை மட்டும் எழுதுவோம்: பெயர் இது, குறைந்த அளவு இது, அதிக அளவு இது, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள வேண்டிய இயல்பு எண் இது. அதைப் படித்து நிரலையும் அமைப்புத் திரையையும் உண்டாக்க ஒரு கருவி இருந்தது. நெல்லைப் போட்டால் அரிசி வருகிறது என்று யாரோ சொல்லப் போய், அதற்கு ஆபீசில் 'மில்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மில்லை எழுதியவர் நான் சேரும் முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார். பெயர் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆனால் மில் உண்டாக்கும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அவர் எழுதி வைத்த வரி இருக்கும். 'இது தானாக உண்டானது. இதைத் திருத்தாதே. விவரத்தைத் திருத்து.' வேறு எந்த உபதேசமும் அவர் விட்டுப் போகவில்லை. நான் முகம் பார்த்திராத அந்த மனிதர்தான் இந்தத் தொழிலில் என் வாத்தியார் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் கருவியிலும் ஓட்டை இருந்தது, அதற்கு வருகிறேன்.

எங்கள் விவரக் கோப்புகளில் இயல்பு எண்களை எழுதியவள் கோமதி. ஆமாம், இன்று உங்களுக்கு மேலாளராக இருந்து கண்ணை உருட்டுகிறாளே, அதே கோமதி. அப்போது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சேரன்மகாதேவிப் பக்கம் சைவக் குடும்பம். காலண்டரைப் பார்க்காமல் புது விசைப்பலகையைக்கூடச் செருகமாட்டாள். அவளிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. பூஜ்யத்தில் முடியும் எண்ணை எழுதக் கை வராது. பத்து என்று சொன்னால் பதினொன்று எழுதுவாள். ஐம்பது என்றால் ஐம்பத்தொன்று.

"ஏம்மா, இது ஷட்டரா கல்யாண வீடா?" என்று கேட்டேன்.

"நீங்க மட்டும் மொய் எழுதும்போது நூறா வைக்கீங்க? நூத்தொண்ணு தானே வைக்கீங்க அண்ணே. பூஜ்யத்துல நின்னா அது அங்கனயே நின்னுரும். ஒண்ணு இருந்தா மேல வளரும்."

எங்களுடையது மிஷன் காலத்துக் கிறிஸ்தவக் குடும்பம், நல்ல நேரம் ராகுகாலம் எதுவும் கிடையாது. ஆனால் மொய் நூற்றொன்றுதான். ஆகவே ஆபீசில் எல்லோரும் சிரித்தோம், யாரும் தடுக்கவில்லை. ஒரு நிமிடம் கூடினால் ஆற்றுக்கு என்ன கெட்டுப்போகும் என்று விட்டுவிட்டோம்.

முதல் அணையில் தொடக்க விழா ஒரு வெள்ளிக்கிழமை காலை. சேரன்மகாதேவிக்கு மேற்கே, இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் பொதிகை நீலமாகக் கரைந்து நிற்கும் இடம். அணையின் மேல் ஒரு சின்ன அறை. அதில் புதுக் கம்ப்யூட்டர். அதற்குச் சந்தனப்பொட்டு, குங்குமம், திரையின் மேல் ரோஜா மாலை. எங்கள் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். மற்ற அணைகளின் வேலையும் நமக்கே வர வேண்டும் என்பதற்காக அவர் அந்த நாளை ஒரு குறையும் இல்லாமல் ஏற்பாடு செய்திருந்தார். பொத்தானை அமுக்க நீர்ப்பாசனத் துறைப் பொறியாளர் வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். பத்தரைக்கு ராகுகாலம். அதற்கு முன் திறந்துவிட வேண்டும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் ஓடவிடும் முன் அமைப்புத் திரையை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிடுவேன். அன்றைக்கும் பார்த்தேன். கீழ்ப் பகுதியை மாலை மறைத்திருந்தது. விலக்கினேன். 'சங்குக்குப் பின் காத்திருக்கும் நிமிடம்' என்று எழுதி, பக்கத்தில் கட்டம் காலியாக இருந்தது.

பாதுகாப்பு அமைப்புகளை அந்தத் திரையில் கண்ணால் பார்க்கலாம், மாற்ற முடியாது. அப்படித்தான் வைத்திருந்தோம். திரைக் கோளாறாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மடிக்கணினியில் மில் உண்டாக்கிய கோப்பைத் திறந்து பார்த்தேன். வரி இருந்தது, எண் இல்லை. எண் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். ஆபீசில் சோதித்தபோது இது தெரியவில்லை, ஏனென்றால் அங்கே யாருக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஒரு நிமிடம் என்று தனியாகக் கொடுத்து வைத்திருந்தோம். இங்கே புது இயந்திரம், யாரும் எதையும் கொடுக்கவில்லை.

பொத்தானை அமுக்கினால் சங்கும் ஷட்டரும் ஒன்றாகக் கிளம்பும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷட்டர் திறந்தால் தண்ணீர் பாயும் கால்வாயில் இப்போது முழங்கால் அளவு தண்ணீர் சோம்பலாகப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் படித்துறை நிறையப் பெண்கள். எண்ணெய் தேய்த்த தலைகள், சீயக்காய் வாசனை அறைவரை வந்தது. ஓர் எருமை தண்ணீரில் படுத்துக் கண்ணை மூடியிருந்தது. அவர்களுக்கு நடுவில் மஞ்சள் புடவையோடு ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கோமதி. நல்ல காரியம் தொடங்கும் முன் தலை முழுக வேண்டும் என்று எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கியிருந்தாள்.

"என்னவே, மாலையைப் பிடிச்சு அசைச்சுக்கிட்டு இருக்கீரு? நேரம் போவுதுல்லா" என்றார் அண்ணாச்சி.

"ஒரு எண்ணைக் காணல, அண்ணாச்சி. சங்கு ஊதினப்புறம் காத்திருக்க நிமிஷம். இப்ப அமுக்கினா உடனே தண்ணி போயிரும். கீழ பொம்பளையாளுவ குளிக்காவ."

பொறியாளர் பொத்தானுக்கு நீட்டியிருந்த கையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு எண்ணு தானவே. அந்தக் கோப்புல நீரே இருபதுன்னு அடிச்சிரும். முடிஞ்சுதுல்லா? இல்லன்னா அவியளை மேல ஏறச் சொல்லிட்டு அமுக்குவோம்."

இரண்டும் முடியாத காரியம் அல்ல என்பதுதான் கஷ்டம். ஆட்களை ஏறச் சொல்லலாம். ஆனால் கால்வாய் வளைந்து போகிறது. வளைவுக்கு அப்பால் அடுத்த ஊரின் படித்துறை இருக்கிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. சங்கே அவர்களுக்காகத்தான். எண்ணை நானே அடிக்கலாம், கொஞ்ச நேர வேலை. விரல்கூட விசைக்குப் போய்விட்டது. கோப்பின் தலையில் அந்தப் பெயர் தெரியாத மனிதரின் வரி நின்றது. 'இதைத் திருத்தாதே.'

அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியதை உள்ளபடியே சொல்கிறேன். விதியை மீறக்கூடாது என்று தோன்றவில்லை. இந்த எண் ஏன் காணாமல் போனது என்று எனக்குத் தெரியாது என்பதுதான் தோன்றியது. காரணம் தெரியாமல் ஒன்றை நிரப்பினால், அதே காரணத்தால் காணாமல் போன இன்னொன்று எங்கே இருக்கிறது என்று யார் சொல்வது? என் கண்ணில் பட்டது மாலையை விலக்கியதால் தெரிந்தது மட்டும். நல்ல நேரத்துக்குள் இருக்கவேண்டும் என்கிற அவசரத்தில் மனசு தெரிந்ததோடு நின்றுவிடப் பார்க்கும். நீங்களும் ஒருநாள் அப்படி ஓர் அறையில் நிற்பீர்கள்.

"கோமதி வரணும், அண்ணாச்சி. விவரமும் மில்லும் அவ லேப்டாப்புல தான் இருக்கு" என்றேன்.

"அவ எங்க?"

ஜன்னலைக் காட்டினேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "பைய பாருங்க, நான் இருக்கேன்" என்றார் பொறியாளர்.

கரைக்குப் போய்க் கோமதியைக் கூப்பிட்டேன். நேரம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். "இன்னும் ஒரு முழுக்கு, அண்ணே, வந்துருதேன்."

"முழுக்கு போதும், ஏறி வா. மில்லு உன் எண்ணை முழுங்கிட்டு."

சொட்டச் சொட்ட வந்தாள். தலையில் துண்டு, புடவை கனத்துத் தொங்கியது. ஆற்றுக் காற்றில் உடம்பு நடுங்கியது. பொறியாளருக்குப் போர்த்துவதற்காகத் தட்டில் வைத்திருந்த பொன்னாடையை அவரே எடுத்து, "இதை அந்தப் பிள்ளைக்குக் குடுங்க" என்றார். சரிகைப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடிக்கணினியில் விவரக் கோப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரம் வாசித்தாள். முகத்தில் ஈரம் காயாமலே முகம் மாறியது.

"அண்ணே, மேல் எல்லை இருபது. துறையில குடுத்த கணக்கு. நான் இருபத்தொண்ணு போட்டுருக்கேன்."

அப்போதுதான் விளங்கியது. எல்லையைத் தாண்டிய எண்ணைக் கண்டால் மில் கத்துவதில்லை, அந்த எண்ணையே தள்ளிவிடுகிறது. எழுதிப் போனவர் நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் செய்திருப்பார், தப்பான எண் உள்ளே வரக்கூடாது என்று. சொல்லாமல் தள்ளியதுதான் வினை.

"சரி, தெரிஞ்சிட்டுல்லா. இருபதுன்னு மாத்து. இன்னும் நேரம் இருக்கு, அமுக்கிருவோம்" என்றார் அண்ணாச்சி.

கோமதி நிமிரவில்லை. "இல்ல அண்ணாச்சி. நான் எங்கெல்லாம் ஒண்ணு கூட்டுனேனோ அங்கெல்லாம் பாக்கணும்."

"நேரம் போயிரும்ளா."

"போவட்டும் அண்ணாச்சி."

நானும் அண்ணாச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலண்டர் பார்க்காமல் விசைப்பலகை செருகாத பெண். அவள் விரல் நிற்கவில்லை. ஒவ்வொரு அமைப்பாக வாய்விட்டு வாசித்துக்கொண்டே போனாள், மாலையில் பூ எண்ணுகிற மாதிரி. பாதியில் நின்றாள்.

"ஒரு தடவைக்குத் தூக்க வேண்டிய அளவு. எல்லை ஐம்பது. நான் ஐம்பத்தொண்ணு."

அதையும் மில் தள்ளியிருந்தது. திரையில் அந்தக் கட்டம் இன்னும் கீழே இருந்தது, முதல் காலிக் கட்டத்தோடு நான் நின்றுவிட்டிருந்தேன். ஷட்டரைத் தூக்கும் பழைய நிரலில், அந்த இடத்தில் பூஜ்யம் வந்தால் வரம்பு இல்லை என்று அர்த்தம். படிப்படியாக ஏற வேண்டிய ஷட்டர் ஒரே மூச்சில் உச்சிக்குப் போயிருக்கும். நிமிடத்தை மட்டும் நான் கையால் அடித்துவிட்டு நிம்மதியாக நின்றிருந்தால், காத்திருந்துவிட்டு முழு ஆற்றையும் ஒரேயடியாகக் கால்வாயில் தள்ளியிருப்போம். சங்கைக் கேட்டு மேல்படிக்கு வந்து சாவகாசமாகத் துணி பிழிந்துகொண்டிருப்பவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அண்ணாச்சி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் அவர் கடிகாரத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

தூக்கும் அளவை ஐம்பதாகக் குறைத்தாள். நிமிடத்துக்கு வந்து, இருபத்தொன்றில் ஒன்றை அழிக்கப் போனபோது நான்தான் வேண்டாம் என்றேன். கீழே ஆட்களை வைத்துக்கொண்டு காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க அந்த வேளையில் எனக்கு மனசு ஒப்பவில்லை, வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. "சார், எல்லையை இருபத்தொண்ணு ஆக்கினா உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று பொறியாளரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "கூடக் காத்திருந்தா வயலு ஒண்ணும் காய்ஞ்சிராது. போடுங்க" என்றார். கோமதி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லையை மாற்றினாள். மில்லை ஓட்டினாள். புதுக் கோப்பு பிறந்தது. திரையில் இப்போது ஒரு கட்டமும் காலி இல்லை. இரண்டு தடவை பார்த்தோம்.

பொறியாளர் பொத்தானை அமுக்கியபோது ராகுகாலம் நன்றாகத் தொடங்கியிருந்தது.

சங்கு ஊதியது. அந்தச் சத்தம் தண்ணீரின் மேலேயே நடந்துபோய் வளைவைத் தாண்டி, அடுத்த ஊரைத் தொட்டு, எங்கேயோ மலையடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு வந்த அமைதியை நான் எப்படிச் சொல்வது? திரையில் நிமிடம் குறைந்துகொண்டு வந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. நாலு பேரும் வெளியே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தோம். படித்துறையில் யாருக்கும் அவசரம் இல்லை. ஒருத்தி சிரித்துக்கொண்டே இன்னொருத்தியின் முதுகுக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். எருமையை எழுப்பவே வெகுநேரம் ஆனது. வயல்மேல் கொக்குகள் எழுந்து, இடம் மாறி, மறுபடி உட்கார்ந்தன. சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் நடுவில், கோயில் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பாதி விழிப்பாக. அதே சுகம் அன்றைக்கு வந்தது. பொன்னாடைக்குள் கோமதி தலை காய்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள். படிகள் வெறிச்சென்று ஆகி, ஈரக் காலடிகள் மட்டும் வெயிலில் சிறுத்துக்கொண்டே வந்தன.

எட்டித் திரையைப் பார்த்தேன். இருபது நிமிடம் போய்விட்டது. கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு சிறுமி ஓடி வந்தாள். மேல்தெருவுக்குப் போனவள் திரும்பி வந்திருக்க வேண்டும். கடகடவென்று படியிறங்கித் தண்ணீருக்குள் நின்று குனிந்து தேடினாள். ஒற்றைச் செருப்பு. கண்டெடுத்தாள். எடுத்ததை அங்கேயே நின்று அலசத் தொடங்கினாள்.

"ஏளா, மேல ஏறு" என்று கோமதி கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. சிறுமி எங்களை அண்ணாந்து பார்த்து, செருப்பை உதறி, ஒவ்வொரு படியாக ஏறினாள். மேல்படியில் நின்று அதைக் காலில் மாட்டிக்கொண்டாள். எங்கள் காலடியில் மோட்டார் உறுமத் தொடங்கியது.

அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் என் கணக்கு சொல்கிறது. அளவைச் சரிசெய்துவிட்டோம், தண்ணீர் பையத்தான் ஏறியது. அதிகம் போனால் பாவாடை நனைந்து பயந்திருப்பாள். அந்தக் கணக்கை நான் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனாலும் மோட்டார் நின்ற பிறகும் கோமதியும் நானும் கைப்பிடிச் சுவரை விட்டு நகரவில்லை. ஒன்று கூட்டியதால் வந்த வினை, அந்த ஒன்றிலேயே ஒரு பிள்ளை செருப்பை எடுத்துக்கொண்டு போனது. இதில் எது சரி எது தப்பு என்று பிரிக்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆபீசுக்குத் திரும்பியதும் கோமதி செய்த முதல் வேலை மில்லைத் திறந்ததுதான். விவரத்தில் எல்லை தாண்டிய எண்ணைக் கண்டால் சிவப்பு எழுத்தில் திட்டிவிட்டு நின்றுவிடுகிறதே, நீங்களும் எரிச்சலோடு அதைத் திட்டுகிறீர்களே, அது அன்றைக்குச் சேர்த்தது. பழைய வாத்தியாரின் வரியை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள்.

ஆகவே கேள்வி கேட்ட தம்பிக்குப் பதில்: அது தட்டச்சுப் பிழை இல்லை. ஆனால் கல்லில் வெட்டியதும் இல்லை. எண்கள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பு இல்லை, இருபது ஆக்கலாம். அதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்த அணைக்குப் போங்கள். சங்கு ஊதியதும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, படித்துறையைப் பார்த்தபடி நில்லுங்கள். இருபது நிமிடம் ஆனதும், உங்களால் முடிந்தால், அங்கிருந்து கிளம்பி வாருங்கள்.